பழைய கார் பந்தய விளையாட்டுகளில் எது சிறந்தது என்று நியாயமாக வாதிடுவது எப்படி

மாலை ஆறு மணிக்குப் பிறகு புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஓடுவதில்லை. அந்த அமைதியில் கடலைப் பார்த்து உட்கார்ந்தபடி, பழைய கார் பந்தய விளையாட்டுகளில் எது உயர்ந்தது என்று நானும் நண்பர்களும் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகிறோம். சிலர் லாஸ்பேட்டையிலிருந்தும் முத்தியால்பேட்டையிலிருந்தும் வருவார்கள். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் ஏறி வருவேன். ‘ரிட்ஜ் ரேசர்’ சிறந்ததா, ‘டேடோனா யு.எஸ்.ஏ.’ சிறந்ததா, இரண்டையும்விட ‘சேகா ராலி’ மேலானதா என்று தொடங்கும் பேச்சு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை நீளும். ஆனால் வெகுகாலம் அந்த வாதங்களால் எங்களில் எவருக்கும் புதிதாக எதுவும் தெரியவரவில்லை. ஒவ்வொருவரும் தம் வீட்டில், தம் டிவியில், தம் சிறுவயதில் ஆடியதை நினைவில் வைத்துப் பேசினோம். ஒரே பெயரைச் சொன்னபோதும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. அது புரிந்த பிறகு வாதிடும் முறையையே மாற்றிக்கொண்டோம். இந்த விளையாட்டுகளை நேசிக்கும் வேறு நண்பர் குழுக்களுக்கும் பயன்படட்டும் என்று அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

எதை எதோடு ஒப்பிடுவது

காசு போட்டு ஆடும் கூடங்களின் இயந்திரங்களைக் குறிக்கும் ‘ஆர்கேட் பாணி’ என்ற சொல்லை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்தினால் வாதம் தொடங்கும் இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். 1997 இறுதியில் ஜப்பானில் வெளிவந்த ‘கிரான் டூரிஸ்மோ’வை எல்லையாக வைத்து, உண்மையான காரோட்டுதலுக்கு அதைவிடத் தொலைவில் இருப்பவை எல்லாம் ஆர்கேட் என்று சிலர் சொல்வார்கள். என் பார்வையில் அது போதாது. காசு போட்டு ஆடும் இயந்திரம் சில நிமிடங்களுக்குள் ஒரு முழு ஆட்டத்தைத் தர வேண்டும். எதையும் படித்துப் பார்க்காமல் உட்கார்ந்தவருக்கும் அது பிடிபட வேண்டும். அடுத்தவர் காத்திருப்பதால் திறமை போதாதவரை விரைவில் எழுப்பிவிடவும் வேண்டும். இந்த மூன்று நெருக்கடிகளிலிருந்து பிறந்ததே அந்த வடிவம். குறைந்துகொண்டே வரும் நேரம், சாலையில் குறித்த இடமான செக்பாயிண்டைத் தொட்டதும் சேரும் சில விநாடிகள், முதல் திருப்பத்திலேயே கைக்குப் புரிந்துவிடும் வண்டியின் போக்கு ஆகியவை அதன் அடையாளங்கள். டிவியில் இணைத்து ஆடும் வீட்டு கன்சோலுக்கென்றே செய்யப்பட்ட விளையாட்டிலும் இவை இருந்தால் அதை ஆர்கேட் பாணி என்று ஏற்றுக்கொள்ளலாம்.

அடுத்து, சாலை எப்படி வரையப்படுகிறது என்பதைப் பொறுத்து வகை பிரியுங்கள். இது வெறும் தொழில்நுட்ப விவரம் அல்ல. ஆடுபவரின் கண்ணும் கையும் செய்ய வேண்டிய வேலையே இதனால் மாறுகிறது. தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு அறிமுகமான முதல் பந்தயம், ஏராளமான விளையாட்டுகள் அடங்கியது என்று மேலே அச்சிட்ட கேசட்டுகளில் இருந்த கொனாமியின் ‘ரோடு ஃபைட்டர்’. அதில் சாலையை மேலிருந்து பார்க்கிறோம். 400 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட பிறகு எதிர்ப்படும் வண்டிகளுக்கு இடையே சந்து கண்டுபிடிப்பதும், தீர்ந்துவரும் எரிபொருளை நிரப்புவதற்காகப் பல வண்ணங்கள் மின்னும் காரைத் தேடித் தொடுவதும்தான் வேலை. 1982-இல் நாம்கோ வெளியிட்ட ‘போல் பொசிஷன்’, 1986-இல் யூ சுசூகி சேகா நிறுவனத்துக்காக உருவாக்கிய ‘அவுட் ரன்’ ஆகியவற்றில் காருக்குப் பின்னாலிருந்து பார்க்கிறோம். ஆனால் அங்கே சாலை உண்மையில் திரும்புவதில்லை. திரையின் கிடைக்கோடுகள் ஒவ்வொன்றும் சற்றுச் சற்றாக நகர்த்தப்பட்டு வளைவுபோலத் தோன்றுகிறது. அந்த வளைவின் வெளிப்பக்கமாகக் கார் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளுதலை எதிர்த்துச் சாலைக்குள் நிற்பதே அதன் திறமை. 1990-இல் சூப்பர் ஃபேமிகாம் கன்சோலுடன் வந்த ‘எஃப்-ஜீரோ’ ஒரு தட்டையான படத்தைச் சுழற்றியும் சாய்த்தும் காட்டுகிறது. அங்கே வண்டி உண்மையாகவே திசை மாறுகிறது, ஆனால் மேடு பள்ளம் கிடையாது. 1992-இல் ‘விர்ச்சுவா ரேசிங்’ பிரபலமாக்கிய பலகோண உருவங்களின் காலத்தில்தான், மேட்டுக்கு அப்பால் என்ன வரும் என்று தெரியாமல் ஏறுவதும் வண்டி வழுக்கிக்கொண்டு திரும்புவதும் முழு உருவம் பெற்றன.

ஆகவே ‘அவுட் ரன்’னையும் ‘ரிட்ஜ் ரேச’ரையும் எதிரெதிரே நிறுத்தி எது பெரிது என்று கேட்பதில் பயன் குறைவு. அவை இரண்டும் வெவ்வேறு திறமைகளைக் கேட்பவை. ஒரே வகைக்குள் ஒப்பிடுங்கள். வகை தாண்டி ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், எந்த ஒரு குணத்தை ஒப்பிடுகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேகத்தை முதலில் அளந்துவிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பீர்களென்றால் அது இதுவாக இருக்கட்டும் என்பேன், ஏனென்றால் எங்கள் குழுவில் பல ஆண்டுகள் வீணானது இதை அறியாததால்தான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களின் குடும்பங்களைச் சொல்தா குடும்பங்கள் என்போம். என் லாஸ்பேட்டை நண்பர் அப்படிப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய சித்தப்பா பிரான்சிலிருந்து திரும்பியபோது சேகா நிறுவனத்தின் கன்சோலான மெகா டிரைவின் ஐரோப்பியப் பதிப்பு ஒன்றையும், அதைச் செருகுவதற்கான ஸ்கார்ட் என்ற இணைப்புத் துளை உள்ள டிவியையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தார். கடலூரில் என் வீட்டில் இருந்ததோ, கப்பலில் வேலை பார்த்த என் மாமா அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கி வந்த ஜெனிசிஸ். பெயர்தான் வேறு, இயந்திரம் ஒன்றே. கேசட்டின் வடிவமும் ஒன்றே. ஒரு மோட்டார் பைக் பந்தயக் கேசட் எங்கள் இருவருக்கும் இடையே எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிப் பலமுறை போய் வந்தது. அது நிதானமான, யோசித்து ஆட வேண்டிய விளையாட்டு என்று அவர் சொல்வார். மூச்சுவிட நேரம் தராத விளையாட்டு என்று நான் சொல்வேன். அவருக்கு ரசனை போதாது என்று நானும், நான் பதற்றக்காரன் என்று அவரும் வெகுநாள் நம்பியிருந்தோம்.

காரணம் மின்சாரத்திலும் டிவி முறையிலும் இருந்தது. ஐரோப்பியக் கன்சோல்கள் விநாடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பித்தன; அமெரிக்க, ஜப்பானியக் கன்சோல்கள் 60 முறை. அந்தக் கால விளையாட்டுகள் பல, ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி என்று கணக்கிட்டே வண்டியை நகர்த்தின. ஐரோப்பாவுக்கென்று அந்தக் கணக்கைத் திருத்தாமல் வெளியிட்டால் வண்டி, பாட்டு, எதிராளி எல்லாமே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். இதில் மறைந்திருக்கும் பெரிய சிக்கல், விளையாட்டுக்குள் ஓடும் கடிகாரமும் அதே படங்களை எண்ணித்தான் ஓடுகிறது என்பது. எனவே இரண்டு வீட்டிலும் திரையில் தெரியும் சுற்று நேரம் ஒன்றாகவே இருக்கும். திரையை மட்டும் பார்ப்பவருக்கு வேறுபாடு ஒருபோதும் தெரியாது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பந்தயம் தொடங்கி விளையாட்டுக் கடிகாரத்தில் 60 விநாடி கழியும்வரை உங்கள் செல்போனில் உள்ள ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். சில விளையாட்டுகளில் ‘விநாடி’ என்று காட்டுவது உண்மையான விநாடியாக இருப்பதில்லை என்பதால், ஒரு இயந்திரத்தில் மட்டும் அளந்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இரண்டு இயந்திரங்களிலும் அளந்து ஒன்றையொன்றால் வகுத்துப் பாருங்கள். ஒன்றில் 60, மற்றதில் 72 என்று வந்தால், அதாவது ஐந்துக்கு ஆறு என்ற விகிதம் கிடைத்தால், நீங்கள் இருவரும் இதுவரை வெவ்வேறு விளையாட்டை ஆடி வந்திருக்கிறீர்கள் என்று பொருள். பிளேஸ்டேஷன் டிஸ்க் என்றால் அதன் மேலுள்ள குறியீட்டைப் படித்தாலே போதும்: எஸ்.எல்.இ.எஸ்., எஸ்.சி.இ.எஸ். என்று தொடங்குபவை ஐரோப்பியப் பதிப்புகள், எஸ்.எல்.யு.எஸ்., எஸ்.சி.யு.எஸ். அமெரிக்கப் பதிப்புகள், எஸ்.எல்.பி.எஸ்., எஸ்.சி.பி.எஸ். ஜப்பானியப் பதிப்புகள். புதிதாக வாங்கிய பொருள் என்பதற்காகவும் நம்பிவிட முடியாது. 2018-இல் சோனி வெளியிட்ட ‘பிளேஸ்டேஷன் கிளாசிக்’ என்ற சிறிய கன்சோலில் இருந்த 20 விளையாட்டுகளில் 9 விளையாட்டுகள் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 முறை புதுப்பிக்கும் பதிப்புகளாகவே இருந்தன.

படங்களின் எண்ணிக்கை என்பது இதிலிருந்து வேறான விஷயம். 60 ஹெர்ட்ஸ் கன்சோலிலும் விளையாட்டு விநாடிக்கு 30 படமோ 20 படமோ மட்டுமே வரைந்து தரலாம். ஆர்கேட் கூடத்தில் ஏறத்தாழ 60 படங்களோடு ஓடிய ‘டேடோனா யு.எஸ்.ஏ.’, 1995-இல் சேகா சாட்டர்ன் கன்சோலுக்கு வந்தபோது 20 படங்களாகச் சுருங்கியது. தூரத்துக் காட்சிகள் கண்ணெதிரிலேயே திடீரென்று முளைத்தன. ஆகவே ‘டேடோனா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கூடத்து டேடோனாவா, சாட்டர்ன் டேடோனாவா, 2011-இல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்கு வந்த மறுபதிப்பா என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். படங்களின் எண்ணிக்கை கைக்கு என்ன செய்கிறது என்பதை நேரில் உணர விரும்புவோருக்கு நாம்கோவே ஒரு நல்ல சோதனைப் பொருளை விட்டுச் சென்றிருக்கிறது. ‘ரிட்ஜ் ரேசர் டைப் 4’ உடன் கூடுதலாகத் தரப்பட்ட டிஸ்க்கில், முதல் ‘ரிட்ஜ் ரேசர்’ 30 படங்களுக்குப் பதிலாக 60 படங்களோடு ஓடும். அதற்கு விலையாக எதிராளி வண்டிகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்திருந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்து அரை மணி நேரம் ஆடிய பிறகு எங்கள் குழுவில் யாரும் ‘30 போதும்’ என்று அலட்சியமாகச் சொன்னதில்லை.

டிவியும் மின்சாரமும்

பழைய பெட்டி டிவியில் பொத்தானை அழுத்துவதற்கும் படம் மாறுவதற்கும் இடையே டிவியால் ஏற்படும் தாமதம் அநேகமாக இல்லை. தட்டை டிவிகள் படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டுகின்றன. பழைய கன்சோலின் சிக்னலைத் தவறாகப் புரிந்துகொண்டு மேலும் நேரம் எடுத்துக்கொள்கின்றன. 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு விநாடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். அது நம்முடைய கடலூர்–புதுச்சேரி பஸ்ஸின் ஏறக்குறைய பாதி நீளம். அவ்வளவு தூரம் பிந்தித் திரும்பும் காரை வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டின் திருப்பத்தைக் குறை சொல்வது நியாயமாகாது. டிவி அமைப்பில் ‘கேம் மோட்’ இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால், கட்டைவிரலும் திரையும் ஒருசேரத் தெரியும்படி செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். விநாடிக்கு 240 படம் எடுக்கும் போன் என்றால் ஒவ்வொரு படமும் சுமார் 4 மில்லிவிநாடி. விரல் அழுந்திய படத்திலிருந்து கார் அசையும் படம்வரை எண்ணிப் பெருக்கினால் மொத்தத் தாமதம் கிடைத்துவிடும். பழைய கன்சோலைப்போல நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டரில் ஆடுபவர்களும் இதே சோதனையைச் செய்ய வேண்டும்.

அமெரிக்க, ஜப்பானியக் கன்சோல்களை நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகிவிடாதீர்கள். அடாப்டரின் மேல் என்ன வோல்ட் எழுதியிருக்கிறது என்று படித்து, 120 அல்லது 100 என்றிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வழியாகவே கொடுங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் கேசட்டின் செம்பு முனைகள் சீக்கிரம் களிம்பேறும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்து, உலரவிட்டுச் செருகுங்கள். வாயால் ஊதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எச்சிலின் ஈரம் களிம்பை மேலும் கூட்டும்.

திருப்பத்தை வைத்து மதிப்பிடுங்கள்

இனி வாதத்தின் உயிரான பகுதிக்கு வருவோம். நேர்ச்சாலையில் எல்லாப் பந்தய விளையாட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு திருப்பத்தில்தான் தெரியும். ஆகவே ஒப்பிடும் ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரே ஒரு திருப்பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரும் பத்து முறையாவது அதைக் கடந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். தவறியபோது ஏன் தவறினேன் என்று எனக்குத் தெரிந்ததா? தவறத் தொடங்கிய பிறகும் வண்டியைத் திரும்பப் பிடிக்க வழி இருந்ததா? அதே திருப்பத்தை வேறு விதமாகக் கடந்து, நேரத்தை இன்னும் குறைக்க முடிந்ததா?

‘ரிட்ஜ் ரேச’ரில் ஆக்ஸிலரேட்டரை ஒரு கணம் விட்டு, திருப்பி, மறுபடி அழுத்தினால் வண்டி வழுக்கத் தொடங்கும். தொடங்கிவிட்டால் வளைவின் பெரும்பகுதியை வண்டியே பார்த்துக்கொள்வதுபோல இருக்கும். நம் வேலை, எந்த இடத்தில் தொடங்குவது, எந்தக் கோணத்தில் முடிப்பது என்பதில் அடங்கிவிடுகிறது. இதைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டி என்று குறை சொல்வோர் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தொடங்கும் இடம் சற்றே முன்னோ பின்னோ போனால் வெளியே வரும்போது சுவரில் உரசிக்கொண்டு வேகம் முழுவதையும் இழக்கிறோம். முதல் கேள்விக்கு மிகத் தெளிவாக விடை தரும் விளையாட்டு இது. ஆனால் இரண்டாவது கேள்வியில் தோற்கிறது. தவறான கோணத்தில் வழுக்கத் தொடங்கிய வண்டியை நடுவழியில் திருத்துவது அரிது.

‘டேடோனா’வில் இதற்கு நேர்மாறு. தானியங்கி கியரில் அதை ஆடிவிட்டு மந்தமானது என்று தள்ளிவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நான்காவது கியரில் வளைவை நெருங்கி, சட்டென்று இரண்டாவதுக்கு இறக்கினால் பின்பக்கம் வெளியே வீசும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டே கியரைப் படிப்படியாக ஏற்றினால் வழுக்கல் அடங்கும். கியர்தான் அங்கே உண்மையான ஸ்டியரிங். எனவே எங்கள் குழுவில், கையால் கியர் மாற்றி இருபது சுற்றாவது ஓட்டாதவர் ‘டேடோனா’வைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறோம். பிற விளையாட்டுகளுக்கும் இதைப் பொருத்துங்கள்: மூடியிருக்கும் ஒரு திறமையைத் திறந்து பார்க்காமல் ஒரு விளையாட்டை அளக்கக் கூடாது.

என் கணிப்பில் வீட்டு கன்சோலுக்கு வந்தவற்றில் மூன்று கேள்விகளுக்கும் நிறைவாக விடை தருவது சாட்டர்னில் வந்த ‘சேகா ராலி’தான். அது விநாடிக்கு 30 படங்களோடு ஓடுகிறது. கார்கள் தொடக்கத்தில் இரண்டு மட்டுமே, செலிகாவும் டெல்டாவும். ஸ்ட்ராட்டோஸ் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. சாலைகள் பாலைவனம், காடு, மலை என்று மூன்று, அவற்றைக் கடந்தால் ஏரிக்கரை. எண்ணிக்கையில் ஏழையான இந்த விளையாட்டு தரையின் இயல்பில் செல்வம் படைத்தது. மண்ணிலிருந்து தார்ச்சாலைக்கு வண்டி ஏறும் கணத்தில் பிடிமானம் கூடுவதை விரல் உணர்கிறது; அந்த ஒரு கணத்துக்காகவே வழுக்கலை முன்கூட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஒரு திருப்பத்தை விட்டு வெளியேறும் கோணம் அடுத்த திருப்பத்துக்குள் நுழையும் கோணத்தை முடிவு செய்வதால், காட்டுச் சாலையில் நான்கு வளைவுகளை ஒரே மூச்சில் எழுதிய வாக்கியம்போல இணைத்து ஓட்ட முடியும். கடலூரிலிருந்து முதுநகர்ப் பக்கம் மழைக்காலத்தில் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு, ஈரமண் முடிந்து தார் தொடங்கும் இடத்தில் கைப்பிடி தரும் அந்தச் சிறு உதறல் தெரியும். அதை 1995-ஆம் ஆண்டு வீட்டுக்கு வந்த ஒரு டிஸ்க்குக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதை இன்றும் வியப்போடுதான் எண்ணுகிறேன்.

இதற்கு எதிராக என் நண்பர் முன்வைப்பது ‘ரிட்ஜ் ரேசர் டைப் 4’. 1998 டிசம்பரில் ஜப்பானில் வந்த அந்த விளையாட்டில் கார்களே இரண்டு இனமாகப் பிரிந்திருக்கின்றன: லிசார்ட், அசொலூட்டோ ஆகிய நிறுவனங்களின் கார்கள் வழுக்கித் திரும்புபவை, ஏஜ், டெராசி கார்கள் தரையைப் பற்றிக்கொண்டு பிரேக்கால் திரும்புபவை. ஒரே திருப்பத்தை இரண்டு மெய்யான வழிகளில் கடக்க முடிகிறது என்பதால் மூன்றாவது கேள்வியில் அதுவே வெல்கிறது என்பது அவர் வாதம். அந்த அளவில் நான் மறுக்க மாட்டேன்.

‘அவுட் ரன்’ இந்தக் கேள்விகளுக்குள் அடங்காது. அதில் 15 பகுதிகள் உள்ளன. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரிவதால், ஐந்து பகுதிகளைக் கடக்கும் ஓர் ஆட்டம் ஐந்து முடிவுகளில் ஒன்றில் சென்று சேர்கிறது. திருப்பத்தைவிடத் தேர்வும், சாலையை அடைத்துக்கொண்டு போகும் வண்டிகளும்தான் அங்கே பாடம். அதை மதிப்பிட, ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடாமல், எல்லா முடிவுகளையும் ஒருமுறையாவது பார்த்துவிட்டு வாருங்கள். கன்சோலில் அசலுக்கு நெருக்கமாக ஆட விரும்பினால் சுவிட்ச் கன்சோலுக்கு வந்திருக்கும் ‘சேகா ஏஜஸ்’ பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். 1991-இல் வந்த மெகா டிரைவ் பதிப்பை வைத்து அசலைத் தீர்மானிப்பது அசலுக்குச் செய்யும் அநீதி.

எதிராளியும் இசையும்

முன்னே ஓடும் வண்டிகள் நேர்மையாக ஓடுகின்றனவா என்று சோதியுங்கள். முதல் சுற்றை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிப் பாருங்கள், எதிராளிகள் காத்திருக்கிறார்களா? அடுத்த ஆட்டத்தில் ஒரு தவறும் செய்யாமல் ஓட்டிப் பாருங்கள். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறார்களா? ரப்பர் பேண்டால் கட்டியதுபோல இருந்தால், நீங்கள் நன்றாக ஓட்டியதற்கு அந்த விளையாட்டு முழு மதிப்பைத் தரவில்லை. ‘எஃப்-ஜீரோ’ நான் மிகவும் நேசிக்கும் விளையாட்டு. ஆனாலும் அதன் எதிராளிகள் இப்படித்தான் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனையாவது இடத்துக்குள் வர வேண்டும் என்று ஓர் எல்லை வைத்து, அதற்குள் வராதவரை வெளியேற்றுவதால் அந்தக் குறை பரபரப்பாக மாறுகிறது என்பது வேறு.

இசையை ஒப்பிடும்போது அதிகம் வாதிட வேண்டியதில்லை, பிடித்தது பிடித்ததுதான். ஆனால் இசை ஆட்டத்தோடு எப்படிச் சேர்கிறது என்று பார்க்கலாம். ‘அவுட் ரன்’ புறப்படும் முன் ரேடியோவில் மூன்று பாட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பிளேஸ்டேஷனில் முதல் ‘ரிட்ஜ் ரேசர்’ முழுவதுமாக நினைவகத்தில் ஏறிவிடுவதால், டிஸ்க்கை எடுத்துவிட்டு நம்மிடம் உள்ள பாட்டு சிடியைப் போட்டு ஓட்டலாம். எங்கள் தெருவில் ஒரு தீபாவளி முழுவதும் அப்படித்தான் ஓடியது.

இன்று பழைய தோற்றத்தில் வரும் விளையாட்டுகளையும் இந்த வாதத்தில் சேர்த்துக்கொள்ளலாம். 2018-இல் வந்த ‘ஹொரைசன் சேஸ் டர்போ’ 1992-ஆம் ஆண்டின் ‘டாப் கியர்’ விளையாட்டை நினைவூட்டுகிறது. இரண்டுக்கும் இசையமைத்தவர் ஒருவரே, பேரி லீட்ச். 2020-இல் வந்த ‘ஹாட்ஷாட் ரேசிங்’ தொண்ணூறுகளின் பலகோணக் கார்களின் சாயலில் செய்யப்பட்டது. ஆனால் இவற்றின் தோற்றத்தைப் பார்த்து மயங்கவோ ஒதுக்கவோ வேண்டாம். அதேபோல ஒரு திருப்பம் பத்து முறை, அதே மூன்று கேள்விகள்.

பேச்சை நடத்தும் விதம்

ஆடி முடித்த உடனே பேசாதீர்கள். கை சூட்டில் சொல்வது பெரும்பாலும் கடைசிச் சுற்றைப் பற்றியதாகவே இருக்கும். ஒரு டீ குடிக்கும் நேரம் விட்டு, பிறகு இடம் மாற்றிப் பேசுங்கள்: ‘சேகா ராலி’யை நேசிப்பவர் ‘டைப் 4’க்காக வாதிட வேண்டும், ‘டைப் 4’ஐ நேசிப்பவர் ‘சேகா ராலி’க்காக. எங்கள் பேச்சு இந்த ஒரு விதியால்தான் மாறியது. எதிர்ப்பக்கத்துக்காகப் பேசக் காரணம் தேடும்போதுதான் அதை உண்மையாக ஆடிப் பார்க்கிறோம். ‘மலைச் சாலையில் சுவருக்கும் வண்டிக்கும் இடையே உள்ள கையகலத்தை நீ இதுவரை பயன்படுத்தியதே இல்லை’ என்று என் நண்பர் என்னிடமே சொன்ன நாளில், எனக்குப் பிடித்த விளையாட்டை அவரிடமிருந்து புதிதாகக் கற்றுக்கொண்டேன்.

நினைவுகளை மட்டம் தட்ட வேண்டாம். பத்து வயதில் மின்வெட்டுக்கு நடுவே ‘ரோடு ஃபைட்டர்’ ஆடியவர் அதற்கு ஓர் இடம் கேட்டால் கொடுங்கள். அவர் பேசுவது தன் வாழ்க்கையைப் பற்றி என்று புரிந்துகொண்டு கேளுங்கள், திருப்பத்தின் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் குறித்துக்கொள்வதும் நல்லது: எந்த இயந்திரம், எந்தப் பதிப்பு, எந்த டிவி, எத்தனை சுற்று என்ற நான்கு விவரங்கள் போதும். அவை இல்லாத கருத்துகளை அடுத்த மாதம் யாராலும் சரிபார்க்க முடியாது.

கிளம்பும் முன் அடுத்த முறைக்கான விளையாட்டை முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அதற்கான கேசட் யாராவது ஒருவருடைய பையில் பஸ் ஏறியாக வேண்டும். இப்போது எங்களிடம் உள்ள ஒவ்வொரு பெட்டியின் உள்பக்கத்திலும் ஸ்டாப்வாட்ச் அளவைப் பென்சிலால் எழுதி வைக்கிறோம். எங்களை அத்தனை காலம் சண்டையிட வைத்த அந்த பைக் பந்தயக் கேசட்டின் பெட்டியில் ‘லாஸ்பேட்டை 72, கடலூர் 60’ என்று நண்பருடைய கையெழுத்தில் இருக்கிறது.